பதினேழாம் புள்ளியில் புவனேஸ்வரி அம்மா

தேவி அழைத்தபோது நான் குளுவாங் சந்தையில் கருவாட்டுக் கடைக்காரரோடு வாக்குவாதத்தில் இருந்தேன். நெத்திலியை ஈரத்தோடு நிறுத்துக் கொடுக்கிறார் என்பது என் கட்சி. தேவி எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். எப்போதும் சத்தமாகப் பேசுகிற பெண், அன்று மெதுவாகப் பேசினாள்.

"ஐயா, புவனேஸ்வரி அம்மா போயிட்டாங்க."

"எங்க போனாங்க? அடுத்த மாசம் விசாரணை இருக்குல்ல? அதச் சொன்னியா அவங்ககிட்ட?"

 மறுமுனையில் அழுகை கேட்டது. தம்போயில் தன் வீட்டில், காலையில் தேநீர் ஊற்றி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். நெத்திலிப் பையை வாங்காமலே பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் முதலில் துக்கம் வந்திருக்கும். எனக்குப் பயம்தான் வந்தது. இதை மறைத்து எழுத எனக்கு வராது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ரெங்கத்துக்கு வெளியே எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஓடை, ஓடைக்கு மேலே ஒரு மலைச்சரிவு. சரிவின் கீழ்ப்பாதியைத் தோட்ட நிறுவனம் ஒன்று வெட்டிச் செம்பனை நட்டுவிட்டது. மேல்பாதி இன்னும் நிற்கிறது; அதைப் பற்றித்தான் விசாரணை. அது காடு, வெட்டாதீர்கள் என்கிறோம் நாங்கள். கைவிடப்பட்ட பழைய ரப்பர்தான், மரத்தை மாற்றி நடுகிறோம், அவ்வளவே என்கிறார்கள் அவர்கள். வெளிநாட்டில் எண்ணெய் வாங்குகிறவர்கள் இப்போது காட்டை அழித்த நிலமா என்று கேட்கிறார்களாம். அதனால் ரப்பர் என்ற அந்த ஒரு சொல் அவர்களுக்கு வேண்டும். கீழ்ப்பாதி போனபின் சின்ன மழைக்கே ஓடை செம்மண்ணாக ஏறி வருகிறது. மேல்பாதியும் போனால் எங்கள் வீடுகள் என்ன ஆகும் என்று சொல்லப் படிப்பு வேண்டியதில்லை.

எது காடு, எது ரப்பர் என்று காட்டும் வரைபடத்தை எங்களுக்காகச் செய்தவர் புவனேஸ்வரி அம்மா. நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். சிலோன்காரர் வீட்டுப் பெண். கூலி வாங்காமல் செய்தார்.

இறுதிச் சடங்கன்று தம்போயில் அவர் வீட்டு வாசலில் ஒருவர் இரங்கல் பேசினார். "அம்மா வரைந்த வரைபடத்தில் ஒரு பிழையைக் காட்டமுடியுமா யாராலும்?" என்று கேட்டார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் செருப்பைத் தேடுகிறவன்போலக் குனிந்து வெளியே வந்து, பட்டறைகள் இருக்கும் தெருமுனைவரை நடந்து, அங்கே ஒரு கார் டயரின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்த வரைபடத்தில் பிழை இருக்கிறது. அது என்னுடைய பிழை.

*

நாங்கள் அறிமுகமானதே சண்டையில்தான். சங்கக் கூட்டத்தில் அவர் செயற்கைக்கோள் படத்தைச் சுவரில் காட்டி, "மேல இருந்து பாக்கிறபோது வயசான ரப்பரும் காடும் ஒரே பச்சை. கம்ப்யூட்டராலும் பிரிக்க ஏலாது" என்றார்.

நான் எழுந்தேன். "கம்ப்யூட்டர் ஏன்? மரத்தையே கேக்கலாமே. ரப்பர் வருசத்துக்கு ஒருவாட்டி இலையக் கொட்டும். காடு கொட்டாது. இலை கொட்டுற மாசத்துப் படத்த எடுத்துப் பாருங்க. மொட்டையா நிக்கிறது ரப்பரு, பச்சையா நிக்கிறது காடு. இதுக்குப் போயி டிகிரி என்னாத்துக்கு?"

கூட்டம் சிரித்தது. படித்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்போடு நின்றவன். பழைய செய்தித்தாளை வைத்துத்தான் வாசிப்பு, மலாய், ஆங்கிலம் எல்லாம் கற்றேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, "உங்கட பேர்?" என்று கேட்டார்.

"பெருமாள்."

"மிஸ்டர் பெருமாள், எந்த மாசம் எண்டு இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அதுவரை என்னை மிஸ்டர் என்று அழைத்தவர் யாருமில்லை. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிமார் 'டேய்' என்பார்கள்.

அந்த யோசனைதான் வரைபடத்தின் பாதி வேலையைச் செய்தது. சங்கத்தின் அறிக்கை அச்சாகி வந்தபோது அதை 'உள்ளூர்வாசி ஒருவர் அளித்த தகவல்' என்று போட்டிருந்தார்கள். நான் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அம்மா ஒரு பெட்டியோடு ரெங்கம் வந்தார். அதிலிருந்த எல்லாப் பிரதிகளிலும் அந்த வரியைக் கறுப்பு மையால் அடித்து, மேலே என் பெயரைத் தன் கையால் எழுதியிருந்தார். அவருடைய எழுத்து அச்சைவிட ஒழுங்காக இருக்கும்.

"இப்ப கோவம் போச்சோ?" என்றார்.

"கொஞ்சம் போச்சு."

"மிச்சத்தை வச்சிருங்கோ. உங்களுக்கு அது இல்லாட்டிச் சரிவராது."

*

இலை கொட்டும் மாதத்துப் படங்களில் சில இடங்கள் முழுக்க மேகம். அந்த இடங்களுக்கு மட்டும் நேரில் போய்ப் பார்க்கவேண்டியிருந்தது. கணினி தன் இஷ்டத்துக்குப் புள்ளிகளை வைக்கும். அந்தப் புள்ளிக்கே போய் நின்று, நான்கு பக்கமும் பார்த்து, தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். இதுதான் அவர் வகுத்த முறை.

அவரைப்போலப் பயந்த ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. நாய்க்குப் பயம், அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம். காரைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பார். எல்லாவற்றையும்விட, தப்பாக எழுதிவிடுவோமோ என்ற பயம். "ஒரு புள்ளி எண்டு நினைக்காதேங்கோ. அந்தப் புள்ளிக்குப் பின்னால ஒரு மலை நிக்குது" என்பார். நான் அவரைக் கேலி செய்வேன். "ஏம்மா, இவ்வளவு பயத்த வச்சிக்கிட்டு இத்தன வருசம் கவர்மெண்டு வேலைய எப்படிப் பாத்தீங்க?"

"பயந்து பயந்துதான்" என்பார்.

பதினேழாம் புள்ளி எங்கள் வீடுகளுக்கு மேலே உள்ள அந்தச் சரிவில் விழுந்தது. சரிவு முழுமைக்கும் அது ஒன்றுதான் புள்ளி. நாங்கள் கீழிருந்து ஏறினோம். அடிவாரத்தில் சில நிரை ரப்பர் மரங்கள், பட்டையில் பழைய வெட்டுத் தழும்புகளோடு நின்றன. காலடியில் ரப்பர் விதைகள். அதற்கு அப்பால் ஒரு பள்ளம், அதன் மறுபக்கம் மேலே இருட்டு. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அம்மா கையிலிருந்த, இடத்தைக் காட்டும் கருவியைப் பார்த்தார். "புள்ளி அந்தப் பக்கம் இருக்கு மிஸ்டர் பெருமாள். நாங்கள் இன்னும் போய்ச் சேரேல்ல."

"எதுக்கும்மா போய்ச் சேரணும்? தோட்டத்துல முதல் நிரையப் பாத்தா போதும், தீம்பாரே தெரிஞ்சிடும். ஒரு தீம்பாருன்னா ஒரே வருசத்துல நட்ட மரம். முன்னாடி ஒன்னு, பின்னாடி ஒன்னு கிடையாது. பள்ளத்துக்கு அங்கிட்டும் ரப்பர்தான்."

"நிச்சயமோ?"

"நாப்பது வருசம் பால் வெட்டுனவன்கிட்டயா கேக்குறீங்க?"

இடி இடித்தது. அவர் தோள்கள் குலுங்கின. என்னைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், 'ரப்பர்' என்று எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவர் தன் முறையை மீறியதற்கு இடி காரணமில்லை. என்மேல் வைத்த நம்பிக்கைதான் காரணம்.

*

ஓராண்டுக்குப் பிறகு சரிவின் கீழ்ப்பாதியில் இயந்திரங்கள் இறங்கின. நிறுவனம் தன் விண்ணப்பத்தோடு எங்கள் வரைபடத்திலிருந்தே ஒரு தாளை இணைத்திருந்தது. பதினேழாம் புள்ளி, ரப்பர், கீழே என் கையெழுத்து. தேவி அதைக் காட்டியபோது என் பெயரை நானே இரண்டு தடவை வாசித்தேன்.

அந்த நாட்களில் ஒரு பகல், ரெங்கம் முச்சந்திக் கடையில் நானும் அம்மாவும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். மரம் ஏற்றிய லாரி ஒன்று கடைக்கு எதிரே நின்றது. கடைக்காரர் சாமி எட்டிப் பார்த்தார்.

"அலமாக்! ரப்பர் மரமெல்லாம் இப்ப என்னா சாப்புடுதுன்னு தெரியலையே. பெருமாளண்ணே, நீங்க வெட்டுன மரம் இந்தத் தண்டி இருந்துச்சா?"

அம்மா எழுந்து சாலையைக் கடந்தார். ஹாரன் சத்தத்துக்கே பயப்படுகிறவர், ஓடும் வண்டிகளைப் பார்க்காமல் கடந்தார். லாரியின் பின்னால் போய் ஒரு கட்டையின் வெட்டு முகத்தில் இரண்டு கைகளையும் விரித்து வைத்தார். விரிந்த கைகளுக்கு வெளியேயும் மரம் இருந்தது. வெட்டு முகம் சிவப்பு. ரப்பர் உள்ளே வெளிறியிருக்கும். அது எனக்குத் தெரியாதா?

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். உதடு வெளுத்திருந்தது.

"மிஸ்டர் பெருமாள், உது பால் வடியிற மரமோ?"

"அது வேற எங்கிருந்தோ வருது" என்றேன்.

வேறெங்கிருந்தும் வரவில்லை. அந்தச் சாலை எங்கள் சரிவிலிருந்து மட்டுமே வருகிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் அழைத்தார். சாப்பிட்டீர்களா, அங்கே மழையா என்று விசாரித்துவிட்டு, "அப்ப நாங்கள் எப்ப போறம்?" என்பார். திருவிழா என்பேன். முழங்கால் என்பேன். அவர் தாளை அவரே திருத்திக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை. இருவர் கையெழுத்துப் போட்டதை ஒருவர் அழிக்கக்கூடாது என்பது அவர் கொள்கை.

ஒரு ஞாயிறு நான் வெடித்துவிட்டேன். "ஆயுசு முழுக்க என்னையத் திருத்துறதே எல்லாருக்கும் வேலையாப் போச்சு. கிராணி திருத்துனான், துரை திருத்துனான், இப்ப நீங்க!"

 "நான் உங்களத் திருத்தேல்ல. எனக்கு நித்திரை வருகுதில்ல. அவ்வளவுதான்" என்றார்.

நான் இணைப்பைத் துண்டித்தேன். இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த இரண்டு மாதத்தை இப்போது எந்தக் கணக்கில் வைப்பது?

*

ஆண்டுக் கடைசியின் பெருமழையில் ஓடை முதல்முறையாக வீட்டுக்குள் வந்தது. காலை நேரம். சோற்றுப்பானையை இறக்கப் போன என் மகள், "அப்பா!" என்று கத்தினாள். கதவுக்கு அடியிலிருந்து செந்நிறத் தண்ணீர் தவழ்ந்து வந்தது. கணுக்கால்வரை வந்து நின்றது. அன்று நின்றது என்பதற்காக அடுத்தமுறையும் நிற்குமா? அன்று முதல் கூரையில் மழை விழுந்தால் நான் எழுந்து அடுக்களைக் கதவின் அடியைப் பார்க்கிறேன். இதை எழுதும்போதும் இரண்டு தடவை எழுந்து பார்த்துவிட்டேன்.

சேற்றை அள்ளிக் கொட்டியபின் அம்மாவை அழைத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. "எப்ப போலாம்?" என்று மட்டும் கேட்டேன்.

"நாளைக்கு" என்றார்.

கீழ்ப்பாதி முழுக்கப் படிக்கட்டுபோல வெட்டிய வெறும் மண். அதில் செம்பனைக் கன்றுகள்; பள்ளத்தின் மறுகரையிலும் ஒரு பக்கத்தை வெட்டியிருந்தார்கள். வெறும் மண்ணைக் கடந்து பள்ளத்தில் இறங்கினோம். எழுபது வயதுப் பெண்மணி, வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார். மேலே ஏறியதும் வெளிச்சம் போய்விட்டது. பகல் பத்து மணிக்கு அப்படி ஒரு இருட்டு. அண்ணாந்து பார்த்தேன், மரங்களின் தலை தெரியவில்லை. நிரை இல்லை. ஒரு மரம்போல இன்னொரு மரம் இல்லை. வாழ்நாள் முழுக்க மரங்களுக்கிடையில் நடந்தவன் நான். ஆனால் அவையெல்லாம் வரிசையில் நின்ற மரங்கள். இங்கே எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியவில்லை. எங்கோ பக்கத்தில் மண் வாரும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. எந்தத் திசை என்று பிடிபடவில்லை.  அவர் கருவியைப் பார்த்துக்கொண்டே நடந்து, ஓரிடத்தில் நின்றார்.

"இதுதான் புள்ளி."

அவர் காலில் மூன்று அட்டைகள். அவற்றைக் குனிந்து பார்த்தார், தட்டிவிடவில்லை. முதலில் எழுதி முடித்தார். 'காடு.' பேனாவை என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். அவர் என்னிடம் சொல்லிக்காட்ட அன்று ஆயிரம் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை.

இறங்கி வந்து காரில் உட்கார்ந்தபின்தான் கேட்டார். "மிஸ்டர் பெருமாள், வேற எங்கயாவது இப்பிடி ஓரத்தில நிண்டு பாத்து எழுதினதோ?"

"இல்லம்மா."

என்னை வெகுநேரம் பார்த்தார். "சரி" என்றார். காரை எடுத்தார்.

மூன்று வாரத்தில் இறந்துவிட்டார்.

*

இரண்டு இருந்தன. ஒன்பதாம் புள்ளியில் அவருக்கு முழங்கால் வலி, காரில் இருந்தார். நான் மட்டும் போனேன், பாதி வழியில் ரப்பரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இருபத்திரண்டாம் புள்ளியில் நாய்கள் குரைத்தன. "நீங்க இருங்கம்மா, நான் பாத்துட்டு வாறேன்" என்றேன். வேலியோடு நின்றுவிட்டு வந்து, ரப்பர் என்று சொன்னேன். இரண்டிலும் அவர் கையெழுத்து, நான் பார்த்தேன் என்ற நம்பிக்கையில் போடப்பட்டது. இரங்கல் பேசியவர் பிழையில்லாத வரைபடம் என்றபோது என்னை எழுப்பி வெளியே அனுப்பியது இதுதான்.

காரியம் முடிந்த மறுநாள் தேவியிடம் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயா, பதினேழ மட்டும் திருத்திக் குடுப்போம். அது நமக்குச் சாதகம். மத்த ரெண்டையும் வாயே தொறக்காதீங்க. ஒரு ஆளு மூணு எடத்துல பாக்காம எழுதுனாருன்னா மேப் முழுசும் பொய்யின்னுவாங்க. மேல்பாதியும் போயிரும். உங்க வீடும்தான் போகும், ஐயா!"

அவள் சொன்னது அத்தனையும் நியாயம்.  ஆனாலும் அடுத்தநாள் காலை, சங்கத்திலிருந்த அம்மாவின் கருவியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன்.

ஒன்பதாம் புள்ளிக்குப் போய் நின்றேன். ரப்பர்தான். நிரை பிசகாத ரப்பர். நான் சொன்னது சரி. அதில் மகிழ்ச்சி வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. பார்க்காமல் சொன்னது சரியாகப் போனால் அது அதிர்ஷ்டம்.

இருபத்திரண்டாம் புள்ளிக்கு வேலியே இல்லை. நாய்களும் இல்லை. கருவி காட்டிய இடத்தில் கண்ணுக்கெட்டியவரை வெட்டிய மண், முழங்கால் உயரச் செம்பனை. ஒரு அடிமரம் இல்லை, ஒரு வேர் இல்லை, எரித்த கரிகூட மழையில் போய்விட்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் காவலாள் வந்தார். மலாய்க்கார இளைஞர், மரியாதையானவர்.

"பாக்சிக், சாரி அப்பா?" என்றார். என்ன தேடுகிறீர்கள், பெரியவரே?

"ஹூத்தான்" என்றேன். காடு.

அவர் நாலாபக்கமும் திரும்பிப் பார்த்தார். சிரிக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. "நான் வேலைக்கு வந்ததிலிருந்து இங்கே இப்படித்தான் பாக்சிக்" என்று மலாயில் சொல்லிவிட்டு, வெயிலில் நிற்காதீர்கள் என்று தன் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்தார்.

அந்த இடம் ரப்பராக இருந்ததா, காடாக இருந்ததா? இனி யாராலும் சொல்லமுடியாது. அதைப் பார்த்திருக்கக்கூடிய ஒரே ஆள் வேலியோடு நின்றுவிட்டான். உயரமாக ஒன்று அங்கே நின்றிருந்தால், அது நின்றது என்பதற்கே இப்போது சாட்சி இல்லை. புலியையும் வெள்ளத்தையும்விட எனக்கு அது பயமாக இருந்தது. 

வீட்டுக்கு வந்து புதிய தாள் எடுத்தேன். பதினேழு: காடு. ஒன்பது: ரப்பர், இப்போதுதான் பார்த்தேன். இருபத்திரண்டுக்கு வந்ததும் பேனா நின்றது. ரப்பர் என்று விட்டுவிட்டால் வரைபடம் பிழைக்கும். காடு என்று எழுதினாலும் எங்கள் பக்கம் பலம்தான். நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது.

அடுத்த வாரம் விசாரணையில் இந்தத் தாளைக் கொடுப்பேன். நிறுவனத்தின் வழக்கறிஞர் என்னைக் கிழித்துப்போடுவார். மேல்பாதி நிற்குமா என்று தெரியாது. தேவி இன்னும் என்னோடு பேசவில்லை. அவளைக் குற்றம் சொல்லமாட்டேன்.

புவனேஸ்வரி அம்மாவை அறிந்தவர்களே, அவருடைய நோட்டும் கருவியும் சங்கத்தில் பத்திரமாக இருக்கின்றன. வரைபடம் உங்கள் எல்லோருடையது. எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய பயம். எழுபத்து நான்கு வயதுவரை அது இல்லாமல் இருந்துவிட்டேன். 'பார்க்கவில்லை' என்று எழுதியபோது என் எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. திருத்தி எழுதச் சொன்னாள் மகள். அப்படியே இருக்கட்டும் என்றேன்.